வெக்கையும் பிரசாவுரிமையும்: வளைகுடாவில் மின்கட்டண மானியம் பற்றிச் சில குறிப்புகள்

ஐரோப்பாவில் வாழும் நண்பர்களோடு தொலைபேசியில் பேசினால், ஐப்பசி பிறந்ததும் பேச்சு ஹீற்றர் செலவுக்குத் திரும்பிவிடுகிறது. எரிவாயு விலை ஏறிய 2022க்குப் பிறகு இந்தப் பேச்சு இன்னும் நீண்டிருக்கிறது. யாருக்கு எவ்வளவு உதவிப்பணம் வந்தது, யாருக்கு வரவில்லை, எந்தப் படிவத்தை எங்கே கொடுப்பது என்பதெல்லாம் பாலைவனத்தில் இருக்கும் எனக்கும் மனப்பாடமாகிவிட்டது. அண்மையில் இலண்டனிலிருந்து பேசிய நண்பர் ஒருவர், "உங்களுக்கென்ன, எண்ணெய்க் கிணற்றுக்கு மேலே கட்டில் போட்டுப் படுக்கிறீர்கள். அரசாங்கமே கரண்டைச் சும்மா தருகிறதாமே" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. அரசாங்கம் தருகிறதுதான். ஆனால் யாருக்கு, எந்த நியாயத்தின் பேரில் தருகிறது என்று பார்க்கும்போது, 'நலன்புரி' என்று நாம் பழக்கத்தில் சொல்லிவிடுகிற சொல்லையே கொஞ்சம் நிறுத்தி விசாரிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் நண்பர்களுடைய பக்கம். பிரித்தானியாவில் முதியோருக்கான குளிர்கால எரிபொருள் கொடுப்பனவு 1997இல் தொழிற்கட்சி அரசு கொண்டுவந்தது. வருமானம் பார்க்காமல் எல்லா முதியோருக்கும் கொடுக்கப்பட்டுவந்த அது, 2024இல் மிக வறிய ஓய்வூதியர்களுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் 2025இல் ஆண்டு வருமானம் 35,000 பவுணுக்கு மேற்படாதோருக்கு மீண்டும் விரிக்கப்பட்டது. இதைவிட 'குளிர்காலநிலைக் கொடுப்பனவு' என்று வேறொன்று உண்டு. கார்த்திகை முதலாம் திகதிக்கும் பங்குனி கடைசிக்கும் இடையில், ஒரு பகுதியின் சராசரி வெப்பநிலை தொடர்ந்து 7 நாட்களுக்குப் பூச்சியம் பாகைக்கோ அதற்குக் கீழேயோ போனால், அங்குள்ள குறைந்த வருமானக் குடும்பத்துக்கு 25 பவுண். வெப்பமானி ஓர் எல்லையைத் தொட்டதும் பணம் தானாக வருகிறது. இந்த ஏற்பாட்டை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் இதற்குத் திரும்பி வருவேன். ஐக்கிய அமெரிக்காவிலோ 1981 முதல் நடைமுறையில் உள்ள எரிசக்தி உதவித் திட்டம், வெப்பமான மாநிலங்கள் பலவற்றில் ஹீற்றருக்கு மட்டுமல்லாமல் குளிரூட்டிக்கும் பணம் கொடுக்கிறது. குளிரில் உயிர்காப்பதும் வெக்கையில் உயிர்காப்பதும் ஒரே கணக்குத்தான் என்பதை அந்தச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

வளைகுடாவில் குளிரூட்டி ஆடம்பரமல்ல என்பதை இங்கே வந்து ஓர் ஆடி மாதம் இருந்தவருக்குச் சொல்லத் தேவையில்லை. 2016 ஜூலை 21ஆந் திகதி குவைத்தின் மித்ரிபாவில் 53.9 பாகை பதிவானது. உலக வானிலை நிறுவனம் உறுதிசெய்த அளவு அது. கரையோர நகரங்களில் கோடை இரவில்கூட முப்பதுக்குக் கீழே இறங்காத நாட்கள் வரும்; கடலின் ஈரப்பதனும் சேர்ந்தால் வியர்வை ஆவியாகாது, உடம்பு தன்னைத் தானே குளிர்விக்கும் வழி அடைபட்டுவிடும். கோடை உச்சத்தில் குவைத்தின் மின்சாரத்தில் ஏறத்தாழ 70 வீதம் குளிரூட்டிகளுக்கே போகிறது. 2024 ஜூனில் நிலையங்களால் ஈடுகொடுக்க முடியாமல் அந்த எண்ணெய் நாடே முறைவைத்து மின்வெட்டுச் செய்தது. யாழ்ப்பாணத்தவருக்கு இது ஒரு செய்தியே அல்ல, ஆனால் குவைத்தியருக்கு அதிர்ச்சி.

இந்தத் தேவைக்கு அரசு செய்யும் உதவி நீண்டகாலமாக உதவிப்பணத்தின் வடிவில் இருக்கவில்லை. விலையின் வடிவில் இருந்தது. குவைத்தில் 1966 முதல் ஓர் அலகு மின்சாரம் 2 பில்ஸ். ஒரு டினாருக்கு 1,000 பில்ஸ். பெரிய வீடொன்று கோடை மாதத்தில் 10,000 அலகு எரித்தாலும் கட்டணம் 20 டினார்தான். அதாவது 65 அமெரிக்க டொலர் அளவில். உற்பத்திச் செலவு இதைப்போலப் பல மடங்கு. கட்டாரில் பிரசைகளின் வீட்டுக்கு மின்சாரமும் தண்ணீரும் இலவசம். ஒரு காலத்தில் பொருளியல் விரிவுரையாளனாக இருந்தபோது மானியத்தைக் கரும்பலகையில் ஒரு முக்கோணமாக வரைந்து, 'இது சமூகத்துக்கு நட்டம்' என்று சொல்லிக்கொடுத்தேன். அந்த முக்கோணத்துக்குள் யார் வீட்டுக் குளிரூட்டி ஓடுகிறது என்று மாணவர்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

ஈரானிய ஆய்வாளர் ஹுசைன் மஹ்தவி 1970இலும், பிறகு 1987இல் பெப்லாவியும் லூசியானியும் 'வாடகை வருமானத்தில் வாழும் அரசு' என்று விளக்கியது இங்கே பொருந்தும். குடிமக்களிடம் வரி வாங்கி அதில் ஒரு பகுதியை வறியவருக்குத் திருப்பிக் கொடுப்பது ஐரோப்பிய அரசு. நிலத்தடியிலிருந்து வரும் பணத்தைப் பிரசைகளுக்குப் பங்கிடுவது இந்த அரசு. பங்குதாரருக்கு இலாபத்தில் பங்கு கொடுக்கும்போது, 'நீர் வறியவரா?' என்று எவரும் கேட்பதில்லை. ஆகவே மலிவு மின்சாரத்தில் அதிகம் பெற்றவர் அதிகம் எரித்தவர், அதாவது பெரிய வீட்டுக்காரர். இது வறியோருக்கான உதவியாக ஒருபோதும் திட்டமிடப்படவில்லை.

அந்தக் காலத்தில் வெளிநாட்டவரும் ஓரளவு இந்த மலிவின் நிழலில் இருந்தோம் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. குவைத்தில் 2 பில்ஸ் என்பது குவைத்தியருக்கு மட்டுமானதாக இருக்கவில்லை. ஒரு ஃபிளாட்டில் இருந்த மலையாளிக் குடும்பத்துக்கும் அதே விலைதான். அது ஒரு கொள்கையின் விளைவல்ல, கவனமின்மையின் விளைவு. எண்ணெய் விலை 2014இல் விழுந்ததும் அந்தக் கவனமின்மை முடிவுக்கு வந்தது.

அடுத்த நான்கைந்து ஆண்டுகளில் நடந்தவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு கோடு தெரியும். குவைத் பாராளுமன்றம் 2016 ஏப்ரலில் கட்டண உயர்வுச் சட்டத்தை நிறைவேற்றியபோது பிரசைகளின் சொந்த வீடுகளை அதிலிருந்து விலக்கிவிட்டது. வெளிநாட்டவர் பெரும்பாலும் வாடகைக்கிருக்கும் அடுக்குமாடிகளுக்கு 2017இல் அலகொன்று 5 பில்ஸ் ஆயிற்று. அவர்கள் வீட்டுக்கு இன்றும் 2 பில்ஸ்தான். பஹ்ரெய்ன் 2016 மார்ச்சிலிருந்து படிப்படியாக ஏற்றி, 2019இல் வெளிநாட்டவருக்கு அலகு 29 பில்ஸ் ஆக்கியது. அங்கே பிரசையின் முதல் வீட்டுக்கு முதல் 3,000 அலகுவரை 3 பில்ஸ். அபுதாபியில் 2017இன் கட்டணப்படி வெளிநாட்டவருக்கு அடிப்படை விலை 26.8 பில்ஸ், பிரசைக்கு 6.7 பில்ஸ்: சரியாக நான்கில் ஒரு பங்கு. (எமிரேற்சின் பில்ஸ் வேறு, திர்ஹத்துக்கு 100.) டுபாயில் மின்கட்டணப் பில்லிலேயே வீட்டு வாடகையின் 5 வீதத்தை 'வீட்டுக் கட்டணம்' என்று சேர்த்து வாடகைக்கு இருக்கும் வெளிநாட்டவரிடம் அறவிடுகிறார்கள்.

சவூதியின் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கவேண்டும், ஏனெனில் வறியவர் என்ற சொல்லே அங்கேதான் முதன்முதலாக இந்தக் கணக்குக்குள் முறையாக நுழைகிறது. 2018 ஜனவரிக்கு முன் சவூதியில் வீட்டு மின்சாரம் முதல் 2,000 அலகுக்கு 5 ஹலாலா, அடுத்த 2,000க்கு 10, அதற்கடுத்த 2,000க்கு 20, அதற்கு மேல் 30 என்று படிப்படியாக ஏறியது. குறைய எரிப்பவர் குறைந்த விலை கொடுத்தார். 2018இல் கீழ்ப்படிகள் மூன்றையும் ஒன்றாக்கி, 6,000 அலகுவரை ஒரே விலை 18 ஹலாலா என்றார்கள். மேற்படியைத் தொடவில்லை. வாசகர்கள் கடதாசி எடுத்துக் கணக்குப் பார்க்கலாம். மாதம் 2,000 அலகு எரிப்பவருக்கு 100 றியால் பில் 360 ஆகிறது, மூன்றரை மடங்குக்கும் மேல். 6,000 எரிப்பவருக்கு 700 றியால் 1,080 ஆகிறது, ஒன்றரை மடங்கு. 8,000 எரிப்பவருக்கு 1,300 என்பது 1,680. மூன்றில் ஒரு பங்குகூட ஏறவில்லை. சிக்கனம் என்ற பெயரில் நடந்த சீர்திருத்தம், ஏற்கெனவே சிக்கனமாக இருந்தவரின் தலையிலே அதிகம் விழுந்தது.

இது சவூதி அரசுக்குத் தெரியாததல்ல. ஆகவேதான் 'பிரசைக் கணக்கு' என்ற திட்டத்தில் 2017 டிசம்பர் 21ஆந் திகதி முதற் கொடுப்பனவாக 2 பில்லியன் றியால் அளவில் வங்கிகளுக்கு அனுப்பினார்கள். குடும்ப வருமானம், ஆட்தொகை பார்த்து, வறியவருக்கு அதிகம், வசதியானவருக்குக் குறைவு அல்லது இல்லை என்று கணக்கிட்டுக் கொடுப்பது. ஐரோப்பாவில் உள்ளவர்களுக்கு மிகவும் பழக்கமான முறை. பொருளியற் புத்தகம் சொல்கிறபடி, விலையை ஏற்று, வறியவருக்குக் கையில் பணம் கொடு. பாடத்தில் பிழையில்லை. ஆனால் திட்டத்தின் பெயரே சொல்கிறபடி, சவூதிப் பிரசையை மணந்த வெளிநாட்டுப் பெண் போன்ற சில விலக்குகள் தவிர, கணக்கு பிரசைக்கு மட்டும். ஏற்றிய விலையோ எல்லோருக்கும். ஜித்தாவில் இரண்டு அறை வீட்டில் மனைவி பிள்ளையோடு இருக்கும் ஒரு தமிழ்க் கணக்காளர் மூன்றரை மடங்குப் பில்லையும் கட்டினார். அதற்கு முந்திய ஜூலையில் தொடங்கிய தங்கிவாழ்வோர் வரியையும் கட்டினார். ஆளுக்கு மாதம் 100 றியாலில் தொடங்கி 2020இல் 400 ஆன வரி அது. மனைவி பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிட்டு, பெட் ஸ்பேஸ் எடுத்து ஆறேழு பேரோடு தங்கிய கணக்காளர்கள் எத்தனையோ பேர்.

ஐக்கிய அரபு எமிரேற்ஸ் 2022 ஜூலையில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான சமூக உதவியை 14 பில்லியன் திர்ஹத்திலிருந்து 28 பில்லியனாக்கியது. உணவு, எரிபொருள் விலையேற்றத்தை ஈடுசெய்யும் படிகளோடு, மாதம் 4,000 அலகுக்குக் குறைவாக எரிக்கும் வீட்டுக்கு மின்கட்டணத்தில் பாதி. நண்பர்களின் குளிர்கால உதவிக்கு இங்கே மிக நெருங்கிய உறவு இதுதான். விலையேற்றப் படிகளுக்கு வருமான எல்லை மாதம் 25,000 திர்ஹம்; ஆண்டுக்கு 300,000, அதாவது 80,000 அமெரிக்க டொலருக்கும் மேல். 'குறைந்த வருமானம்' என்பது ஒரு தொகை அல்ல, ஓர் உறவு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வகுப்பில் கிடைத்திராது. ஓர் எமிராத்திக் குடும்பம் அந்தத் தொகையில் சிரமப்படலாம். அதை நான் ஏளனம் செய்யவில்லை. என்னுடைய கேள்வி, மாதம் 1,000 திர்ஹம் வாங்குபவன் இந்த அளவுகோலில் எந்த இடத்தில் வருகிறான் என்பதுதான். அவன் எங்கேயும் வருவதில்லை. அவன் வறியவனுமல்ல. ஏனென்றால் வறுமை என்பதும் இங்கே பிரசைக்குரிய ஒரு தகைமை.

அதைவிட முக்கியமாக, அவன் ஒரு 'குடும்பம்' அல்ல. ஹீற்றர் உதவியென்றாலும் குளிரூட்டி மானியமென்றாலும் இரண்டும் ஒரு வீட்டையும், அந்த வீட்டில் ஒரு மீற்றரையும், மீற்றரில் எழுதப்பட்ட ஒரு பெயரையும் எடுகோளாகக் கொண்டவை. காம்பில் மீற்றர் கொம்பனியின் பெயரில் இருக்கிறது. எமிரேற்சில் 50 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் கொம்பனி, மாதம் 2,000 திர்ஹத்துக்குக் குறைந்த சம்பளக்காரருக்கு இருப்பிடம் கொடுக்கவேண்டும் என்றது 2016இன் அமைச்சு ஆணை. அந்த இருப்பிடத்தில் ஆளுக்கு 3 சதுர மீற்றர் இடமும், அறையில் 8 முதல் 10 பேருக்கு மேற்படாமலும், குளிரூட்டல் வசதியோடும் இருக்கவேண்டும் என்பது 2009இன் அமைச்சரவைத் தீர்மானம். நல்ல விதிகள். ஆனால் குளிரூட்டி இருக்கவேண்டும் என்பது வேறு, அது ஓடவேண்டும் என்பது வேறு.

எங்கள் காம்பில் காலை எட்டு மணிக்கு மின்சாரத்தை நிறுத்துவார்கள். பின்னேரம் நாலுக்குத்தான் திரும்ப வரும். அறையில் ஆளில்லாதபோது ஏன் ஓடவேண்டும் என்பது காம்ப் பொஸ்ஸின் நியாயம். இரவு வேலை முடித்து வருகிறவன் அந்த எட்டு மணிக்குத்தான் படுக்கிறான். தகரக்கூரை அறையில் ஈரத் துவாயை மார்பில் போட்டுக்கொண்டு சீமெந்துத் தரையில் கிடப்போம். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது, இரத்த அழுத்தமும் உண்டு. பக்கத்திலே கிடக்கும் இருபத்திரண்டு வயதுப் பிகாரிப் பையனுக்கு அதெல்லாம் இல்லை, என்றாலும் அவனும் தூங்குவதில்லை. (மார்கழி இரவுகளில் நிலைமை மறுதலையாகிவிடும். பாலைவனக் குளிருக்குச் சில காம்புகளில் அறைக்குள் கரி எரிப்பார்கள். புகையில் மூச்சடைத்துச் சாகாதீர்கள் என்று சிவில் பாதுகாப்புத் துறை குளிர்காலந்தோறும் எச்சரிக்கிறது. ஹீற்றர் வாங்க உதவி என்ற யோசனை எவருக்கும் வந்ததாகத் தெரியவில்லை.)

இந்த இருப்பிட முறை நமக்குப் புதிதல்ல. மலையகத்தின் லயன் அறையை நினைத்துக்கொண்டால் போதும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரைப் பிரசைகள் அல்லாதவராக்கியது ஒரு பாதி. மறுபாதி, அவர்களின் குடியிருப்பு தோட்டத்தின் காணி, ஆகவே ஊருக்குச் செய்யும் எதையும் அரசு அங்கே செய்யவேண்டியதில்லை என்ற நிலை. பிரசாவுரிமை கிடைத்த பிறகும் இரண்டாவது பாதி நீடித்தது. பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளில் பொதுநிதியைச் செலவிடுவதற்கு 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக இருந்து, 2018இல்தான் திருத்தப்பட்டது. தண்ணீர், கக்கூசு, பாதை எல்லாவற்றுக்கும் துரையைக் கேள் என்பதே எழுபது வருட விடை. காம்பில் அதே விடை. துரைக்குப் பதிலாகக் கொம்பனி.

2024 ஜூன் 12ஆந் திகதி குவைத்தின் மங்காபில் ஒரு கட்டடம் எரிந்தது. ஒரே கொம்பனியின் தொழிலாளர் 190க்கும் மேற்பட்டோர் அதில் குடியிருந்தார்கள். கீழ்த்தளத்தில் காவலாளியின் அறையில் மின்னொழுக்கால் தீ பிடித்ததாகத் தீயணைப்புத் துறை சொன்னது. ஐம்பது பேர் வரையில் இறந்தார்கள், பெரும்பாலோர் புகையால். இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர், அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டவர். மின்சாரம் மலிவா, விலையா என்ற கேள்வியை வைத்துக்கொண்டு அந்தக் கட்டடத்தைப் பார்க்கவே முடியாது. ஒரு கட்டடத்தில் 190 பேர் என்பதை எந்த நலத்திட்டமும் 190 குடும்பம் என்று எண்ணுவதில்லை, ஒரு குடும்பம் என்றும் எண்ணுவதில்லை.

வீட்டுவேலைக்குப் போன நம் பெண்களின் நிலை இன்னொரு விதம். அவர்கள் மானியம் பெற்ற வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். எசமானியின் அறையில் இருபத்திரண்டு பாகையில் காற்று ஓடுகிறது; மாடியில் பணிப்பெண்ணின் அறையில் குளிரூட்டி உண்டா, அதை எப்போது போடலாம் என்பது எசமானியின் மனதைப் பொறுத்தது.

அப்படியானால் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு வெக்கையிலிருந்து எந்தப் பாதுகாப்பும் அரசு தருவதில்லையா? தருகிறது, நலத்திட்டத்தின் வழியாக அல்ல, தொழிற்சட்டத்தின் வழியாக. எமிரேற்சில் 2005 முதல் மதிய ஓய்வு விதி உண்டு. இப்போது ஜூன் 15இலிருந்து செப்ரெம்பர் 15வரை, பகல் 12.30 முதல் 3 மணிவரை வெயிலில் வேலைவாங்கக் கூடாது. மீறினால் ஆளுக்கு 5,000 திர்ஹம், ஆகக்கூடியது 50,000 தண்டம். கட்டார் 2021இல் ஒரு படி மேலே போய், காலை 10 முதல் 3.30வரை தடைசெய்ததோடு, ஈரப்பதனையும் வெயிலையும் சேர்த்து அளக்கும் ஈரக்குமிழ் கணிப்பு 32.1 பாகையைத் தாண்டினால் எந்த நேரமாயினும் வேலையை நிறுத்து என்றது. இங்கேதான் முதலில் மனதில் வைத்திருக்கச் சொன்ன பிரித்தானிய வெப்பமானி நினைவுக்கு வருகிறது. அங்கே வெப்பமானி பூச்சியத்தைத் தொட்டால் வீட்டுக்குப் பணம் போகிறது. இங்கே 32.1ஐத் தொட்டால் வேலை நிற்கிறது. முன்னையது மனிதனை ஒரு குடும்பத்தின் ஆளாகப் பார்க்கிறது. பின்னையது அவனை உழைப்பாகப் பார்க்கிறது: உழைக்கும் மணித்தியாலத்தில் அவன் விழுந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். அவன் தூங்கும் மணித்தியாலத்துக்கு வெப்பமானி இல்லை. எமிரேற்சின் விதி திறந்த வெளிக்கும் நேர் வெயிலுக்கும் உரியது என்பதால், எங்களைப்போல் தகரக் கொட்டகைக்குள் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு அதுவும் இல்லை.

ஐரோப்பிய நண்பர்கள் இதைப் படித்து, 'எங்கள் பக்கம் பரவாயில்லை' என்று ஆறுதலடைவார்களோ என்று எனக்கு ஒரு தயக்கம். 'பொதுநிதியில் உரிமை இல்லை' என்ற நிபந்தனையோடு விசா பெற்றவருக்குப் பிரித்தானியாவின் குளிர்கால உதவிகள் கிடையா. அகதி விண்ணப்பம் முடியாமல் அரசு கொடுத்த விடுதியில் இருப்பவருக்கு மீற்றரும் இல்லை, பில்லும் இல்லை; ஹீற்றர் எப்போது போடுவது என்பதை விடுதி நடத்தும் கொம்பனி முடிவுசெய்கிறது. ஒரு வித்தியாசம் மட்டும் பெரியது. அங்கே அந்த நிலை ஒரு கட்டம். வழக்கு வென்றால் அதே மனிதன் மறுவருடம் படிவம் நிரப்புகிறான். வளைகுடாவின் ஆறு நாடுகளும் 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் கையெழுத்திடாதவை. 1983க்குப் பிறகு உயிருக்குப் பயந்து இங்கே வந்த தமிழரும் தொழிலாளி என்ற ஒரே பெட்டியில்தான் எழுதப்பட்டார்கள். முப்பது வருடம் இருந்தாலும் வேலை முடிந்தால் வதிவிட அனுமதி முடிந்தது. புலம்பெயர்ந்தோர் பற்றிய நமது விவாதங்களில் இவர்களை 'உழைக்கப் போனவர்கள்' என்று ஒதுக்கி வைப்பது அந்தப் பெட்டியை நாமும் ஏற்றுக்கொள்வதுதான் என்று நினைக்கிறேன். மறுத்து எழுதுகிறவர்கள் எழுதட்டும்.

எதைக் கோருவது என்பதில் எனக்குத் தெளிவான விடையில்லை. பிரசைக்குரிய மானியத்தில் பங்கு கேட்பது இன்றைய நிலையில் வெறுங்கனவு. எமிரேற்சில் பத்துப் பேரில் ஒருவரே பிரசை. மானியம் அவ்வளவு தாராளமாக இருக்க முடிவதற்குக் காரணமே மற்ற ஒன்பது பேர் கணக்கில் இல்லாததுதான். தேவையின் பேரில் கேட்கலாம் என்றால், தேவையை விசாரிக்கும் அலுவலகத்தில் எங்கள் பெயர்ப் பதிவேடு இல்லை. மிஞ்சுவது தொழிற்சட்டம் மட்டுமே. அங்கேதான் எழுதப்பட்ட விதி இருக்கிறது, பரிசோதகர் இருக்கிறார், தண்டம் இருக்கிறது. மதிய ஓய்வு விதியைத் தூக்கத்துக்கும் நீட்டச் சொல்லிக் கேட்பது பெரிய புரட்சியல்ல: இருப்பிடத்தில் குளிரூட்டி இருக்கவேண்டும் என்ற வரியில், 24 மணித்தியாலமும் மின்சாரத்தோடு என்று ஒரு சொற்றொடர். செலவு கொம்பனிக்கு. கொம்பனி அதைச் சம்பளத்தில் கழிக்கப் பார்க்கும் என்பதும் தெரிந்ததே. அதற்கும் ஒரு வரி வேண்டும்.

எங்கள் காம்பில் சென்ற ஆவணியில் இரவு வேலைக்காரர் பதினேழு பேர் ஒரு கடதாசியில் கையெழுத்து வைத்துக் கொடுத்தோம். ஆங்கிலத்தில் நான் எழுதினேன். பையன் ஹிந்தியில் வாசித்துக் காட்டினான். ஒரு கிழமைக்குப் பிறகு எங்கள் பகுதி அறைகள் நாலுக்கு மட்டும் பகலில் மின்சாரம் விட்டார்கள். செப்ரெம்பர் நடுவில் மதிய ஓய்வு முடிந்த அன்றே அதையும் நிறுத்தினார்கள். வெளியே அன்றைக்கு நாற்பத்தொரு பாகை.